அசையாத ஸ்டாண்டு

கீழப்புளியந்துறைக்காரர்கள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்று அக்கம்பக்கத்து ஊர்களில் யாரும் குறை கூறியதில்லை. சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள். அந்த ஊரில் இதுவரை இடிந்தவை, உடைந்தவை, வாய்க்காலில் மிதந்துபோனவை எல்லாம் அவ்வாறு சொன்னபடி செய்ததால் நேர்ந்தவைதான்.

அங்கே உதயதாரகை நற்பணி மன்றம் என்று ஒன்று உண்டு. அதன் தலைவர் கலியபெருமாள், செயலாளர் அம்பலவாணன், உறுப்பினர்கள் நாடிமுத்து. பெயர்ப்பலகையில் ‘உறுப்பினர்கள்’ என்று பன்மையில் எழுதி, கீழே அவர் பெயரை மட்டும் எழுதியிருந்தார்கள். மூவரும் மஞ்சள் பனியன் அணிவார்கள். அதுதான் மன்றத்தின் சீருடை.

மன்றம் இயங்கிய அறை பஞ்சாயத்துக்குச் சொந்தமானது. தேங்காய் வியாபாரி கோதண்டபாணி தம்முடைய தேங்காய்களைக் கொட்டிவைக்க அந்த அறையைக் கேட்டார். பஞ்சாயத்துத் தலைவி வேதாம்பாள் நியாயமான பெண்மணி. மன்றத்தின் வாசலில் நின்று தெளிவாகச் சொன்னார்.

“ஞாயித்துக்கிழமை வருவேன். இந்த ரூமால ஊருக்கு ஒரு பிரயோஜனம் இருக்குன்னு என் கண்ணால பாத்தா ரூம் உங்களுக்கு. இல்லேன்னா தேங்காய்க்கு.”

அவர் போனதும் நாடிமுத்து கவலையோடு கேட்டார்.

“கண்ணால பாப்பேன்னு சொல்றாங்க. ஆனா அவங்க கண்ணாடி போட்டுக்கிட்டுல்ல வருவாங்க?”

கலியபெருமாளுக்கு வேறு கவலை இருந்தது. அறை போனால் மன்றம் போகும். மன்றம் போனால் ‘தலைவரே’ என்று அழைக்க ஆள் இராது. அவர் வீட்டில் அவரை அப்படி யாரும் அழைத்ததில்லை. அழைக்கும் உத்தேசமும் அங்கே எவருக்கும் இல்லை.

ஊருக்குப் பிரயோஜனமாக அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு பொருள். டவுனில் பழைய எலக்ட்ரானிக் சாமான் கடை வைத்திருக்கும் ரியாஸ் பாயிடம் வாங்கிய விளையாட்டுக் கேமரா. அதைத் தொலைக்காட்சியோடு இணைத்துவிட்டால், எதிரே நிற்பவரின் உருவம் திரையில் தோன்றும். கையில் எதையும் பிடிக்கத் தேவையில்லை. நாம் குதித்தால் திரையில் வரும் வேலியை நம் உருவம் தாண்டும். நாம் சாய்ந்தால் அதுவும் சாயும். உடம்புக்கு நல்ல பயிற்சி. இதைத் தலைவிக்குக் காட்டிவிட்டால் அறை தப்பிவிடும்.

தொலைக்காட்சி ஒரு டிரங்குப் பெட்டியின்மேல் இருந்தது. கேமராவை அதன்மேல் வைத்து மூவரும் எதிரே நின்றார்கள். அறை குறுகலானது, கேமராவோ மிகத் தாழ்வாக இருந்தது. ஆகவே திரையில் மூன்று மஞ்சள் பனியன்கள் தோன்றின. கழுத்துக்கு மேலே ஒன்றும் இல்லை.

“தலை இல்லாட்டியும் ஆளுங்க எவ்வளவு சுறுசுறுப்பா இருக்காங்க பாருங்க” என்று பாராட்டினார் கலியபெருமாள்.

“நான் எண்ணெய் வெச்சு, வகிடு எடுத்துச் சீவிக்கிட்டு வந்திருக்கேன் தலைவரே” என்றார் நாடிமுத்து, வகிட்டைத் தடவியபடி.

“அது கிடக்கட்டும். இதுல நான் யாரு?” என்று கேட்டார் அம்பலவாணன்.

நியாயமான கேள்வி. தலையும் இல்லை, பனியனும் ஒரே நிறம். யார் யார் என்று கண்டுபிடிக்க ஆளுக்கொரு கையை உயர்த்திப் பார்ப்பது என்று முடிவாயிற்று. மூவரும் ஒரே நேரத்தில் கையை உயர்த்தினார்கள். திரையிலும் மூன்று கைகள் உயர்ந்தன. மீண்டும் உயர்த்தினார்கள், மீண்டும் மூன்று. தோள்பட்டை வலிக்கத் தொடங்கிய பிறகு ரியாஸ் பாய்க்குத் தொலைபேசினார்கள்.

“பாய், எங்களுக்குத் தலை போயிருச்சு.”

“எப்போண்ணே?”

“கேமராவை ஆன் பண்ணதிலேர்ந்து.”

ரியாஸ் பாய் விவரத்தைக் கேட்டுக்கொண்டு பொறுமையாக விளக்கினார். “கேமரா தாழ இருக்குண்ணே. மேல, சீலிங்கை ஒட்டி மாட்டுங்க. அதுக்குன்னு ஸ்டாண்டு விக்குது, ஆனா விலை ஜாஸ்தி. காசு குடுத்து வாங்காதீங்க. வீட்ல சும்மா கிடக்கிறது ஏதாவது இருக்கும். அதைக் கொண்டாந்து வெச்சே செஞ்சிரலாம்.”

மறுநாள் காலையில் மூவரும் தத்தம் வீட்டில் சும்மா கிடந்ததைக் கொண்டுவந்தார்கள்.

கலியபெருமாள் ஆட்டுக்கல்லைக் கொண்டுவந்தார். கிரைண்டர் வாங்கியதிலிருந்து அது கொல்லையில் சும்மா கிடந்தது. தெரு வழியாக உருட்டிவந்து மன்றத்தின் வாசற்படியில் ஏற்றியபோது படி இரண்டாகப் பிளந்தது. ஒரு படி இருந்த இடத்தில் இரண்டு படி கிடைத்ததை அவர் லாபமாகவே கருதினார்.

நாடிமுத்து வீட்டில் எந்தப் பொருளும் சும்மா கிடக்கவில்லை. ஆகவே சுற்றிக்கொண்டிருந்த மேசை விசிறியை நிறுத்தி, அது சும்மா கிடக்கும்வரை பக்கத்திலேயே காத்திருந்து, பிறகு தூக்கிவந்தார்.

அம்பலவாணன் கையில் எதுவும் இல்லை. அவருக்குப் பின்னால், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, கொட்டாவி விட்டபடி சோமாஸ்கந்தன் நின்றார்.

சோமாஸ்கந்தன் அம்பலவாணனுடைய மைத்துனர். மனைவி செண்பகவல்லியின் உடன்பிறந்த தம்பி. ஒரு பொங்கலுக்கு அக்கா வீட்டுக்கு வந்தவர், கரும்பைத் தின்றுவிட்டுச் சற்றே கண்ணயரலாம் என்று கூடத்தில் பாயை விரித்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குப் பல பொங்கல்கள் வந்து போயின. சோமாஸ்கந்தன் போகவில்லை.

“என்ன செயலாளரே, ஸ்டாண்டு செய்யப் பொருள் கேட்டா மச்சினனைக் கூட்டியாந்திருக்கீங்க?” என்றார் கலியபெருமாள்.

“வீடு முழுக்கத் தேடிப் பாத்துட்டேன் தலைவரே. அண்டா, குண்டான், அம்மிக்கல்லு எல்லாம் ஏதோ ஒரு வேலை பாக்குது. சும்மா கிடக்கிறது இது ஒண்ணுதான்.”

சோமாஸ்கந்தனுக்கு மனம் புண்பட்டது. “அத்தான், நான் சும்மா கிடக்கலை. யோசிச்சுக்கிட்டு இருக்கேன்.”

“என்னத்தை யோசிக்கிறே?”

“என்ன வேலைக்குப் போகலாம்னுதான்.”

“இத்தனை வருஷமாவா?”

“அவசரப்பட்டா தப்பான வேலைக்குல்ல போயிருவேன்?”

கலியபெருமாள் கண்ணை மூடி ஆலோசித்துத் தீர்ப்பளித்தார். “யோசிக்கிறது உள்ளுக்குள்ள நடக்குது, அது வெளியே தெரியாது. வெளியே தெரியறது கிடக்கிறது மட்டும்தான். ஏத்துக்கலாம்.”

உறுப்பினர்கள் ஒருமனதாக ஆமோதித்தார்கள். அதாவது, நாடிமுத்து தலையசைத்தார். சோமாஸ்கந்தனை மூலையில், ஆட்டுக்கல்லுக்கும் விசிறிக்கும் நடுவே வைத்தார்கள். அவர் உடனே படுத்துக்கொண்டார்.

மீண்டும் ரியாஸ் பாயை அழைத்தார்கள். “சாமான் எல்லாம் ரெடி பாய். அடுத்தது?”

“எங்க மாட்டணுமோ அங்க ஒரு புள்ளி வெச்சுக்கங்க. அந்த இடத்துல துளை போடுங்க. ஆழமாப் போட்டாத்தான் பிடிப்பு நல்லா இருக்கும்.”

தொலைக்காட்சிக்குச் சற்று முன்னால், உட்கூரையில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். நாற்காலியில் ஏறி நின்று கையை நீட்டிப் பார்த்தார் அம்பலவாணன். எட்டவில்லை.

“எட்டலைன்னா என்ன? அதுக்கு நேர் கீழ தரையில புள்ளி வைங்க. மேல இருந்து கீழ பாத்தா இது, கீழ இருந்து மேல பாத்தா அது. இடம் ஒண்ணுதானே?” என்றார் கலியபெருமாள்.

“துளை?”

“புள்ளி எங்கயோ அங்கதானே துளை போடச் சொன்னாரு?”

கடப்பாரை வந்தது. ஆழமாகத்தான் போட்டார்கள். சிமெண்டுத் தரை பெயர்ந்து, செங்கல் ஜல்லி வந்து, பிறகு ஈரமண் வந்தது. முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் தோண்டியதும் மூவரும் முறைவைத்து அதில் இறங்கி நின்று அண்ணாந்து பார்த்தார்கள்.

“அச்சு அசல் அதே இடம்” என்று ஒத்துக்கொண்டார்கள்.

ரியாஸ் பாய் அன்று மாலை தாமாகவே அழைத்து விசாரித்தார். “துளை போட்டாச்சாண்ணே?”

“போட்டாச்சு பாய். முழங்கால் ஆழம்.”

“சீலிங்லயா?”

“அதுக்கு நேர் கீழ.”

ரியாஸ் பாய் மிகவும் மெல்லிய குரலில் பேசினார். “துளையை விடுங்கண்ணே. அதை மறந்துருங்க. ஸ்டாண்டுதான் முக்கியம். அது இம்மிகூட அசையக் கூடாது. கேமரா கொஞ்சம் குனிஞ்சு பாக்கணும். அவ்வளவுதான். இனிமே கூப்பிடாதீங்க, நாளைக்குக் கடை லீவு.”

அசையாத பொருள் எது என்பதைச் சோதித்தறிய வேண்டியிருந்தது. முதலில் விசிறி. ஸ்விட்சைப் போட்டதும் அது தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, மாட்டவே மாட்டேன் என்றது. நாடிமுத்து அதைத் தனியே அழைத்துச் சென்று ஏதோ சொல்லிப் பார்த்தார், பயனில்லை. அடுத்தது ஆட்டுக்கல். அது அசையாததுதான். ஆனால் மூவரும் சேர்ந்து தூக்கியபோதும் மேலே போக அசையமாட்டேன் என்றது.

எல்லோர் கண்களும் மூலைக்குத் திரும்பின.

படுத்திருந்த சோமாஸ்கந்தனின் வயிற்றின்மேல் ஒரு தம்ளர் நிறையத் தண்ணீர் வைத்தார்கள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. மூக்கின்மேல் ஈ ஒன்று உட்கார்ந்தது, உலாவியது, அலுத்துப்போய்த் தானே பறந்து சென்றது. அவர் காதருகே கலியபெருமாள் பித்தளைத் தாம்பாளத்தைத் தட்டினார். பலனில்லை. அப்போது தெருவில் யாரோ யாரிடமோ “சாம்பார் ஆறிப்போகுது, வாங்க” என்றார்கள். சோமாஸ்கந்தன் எழுந்து உட்கார்ந்தார். தம்ளர் உருண்டது.

“சாப்பாட்டுக்கு மட்டும் அசையுது” என்றார் கலியபெருமாள், ஏமாற்றத்தோடு.

“அதுக்கென்ன, முன்கூட்டியே போட்டுட்டா அந்த அசைவும் நின்னுரும்” என்றார் அம்பலவாணன். மைத்துனரை அவர் பல ஆண்டுகளாகக் கவனித்து வந்தவர்.

தொலைக்காட்சி இருந்த சுவரில், உட்கூரைக்குச் சற்றுக் கீழே, அகலமான சிமெண்டுப் பரண் ஒன்று இருந்தது. அதில் ஒன்றுமே இல்லை. எந்தப் பொருளையும் நேராக வைத்துவிடக்கூடிய உறுதியான இடம். கேமராவைத் தாங்கும் சோமாஸ்கந்தனை வைக்க அதைவிட வசதியான இடம் கிடையாது என்று மூவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது.

ஆட்டுக்கல்லின்மேல் நாற்காலி, நாற்காலியின்மேல் நாடிமுத்து, நாடிமுத்துவின்மேல் சோமாஸ்கந்தன் என்று அடுக்கி ஏற்றினார்கள். அவர் பரணில் குப்புறப் படுத்து, முகவாயை விளிம்பில் ஊன்றி, இரண்டு கைகளையும் முன்னால் தொங்கவிட்டுக் கேமராவைப் பிடித்துக்கொண்டார்.

“கேமரா குனிஞ்சு பாக்குதா?” என்று கேட்டார் கலியபெருமாள்.

“பாக்குது.”

“ஸ்டாண்டும் குனிஞ்சு பாரு. ஒண்ணு ஒரு பக்கம், ஒண்ணு ஒரு பக்கம் பாத்தா நல்லா இருக்காது.”

சோமாஸ்கந்தனும் குனிந்து பார்த்தார். தொலைக்காட்சியைப் போட்டதும் திரையில் முதலில் நாடிமுத்துவின் வகிடு தெரிந்தது. பிறகு அவர் நெற்றி, பிறகு மற்ற இருவரின் முகங்கள். நாடிமுத்து அழுதேவிட்டார்.

“எப்படி இருக்கு மாப்ளே மேல?” என்று அன்போடு விசாரித்தார் அம்பலவாணன்.

“பரவாயில்லை அத்தான். யோசிக்க நல்ல இடம்.”

அவரை இறக்கினால் மறுபடியும் அடுக்க வேண்டியிருக்கும். ஆகவே ஞாயிறுவரை அவர் மேலேயே இருந்தார். செண்பகவல்லி வேளாவேளைக்குச் சாப்பாட்டைக் கொண்டுவந்து, ஒரு துறட்டிக்கோலில் தூக்குவாளியை மாட்டி மேலே அனுப்பினாள். ஒவ்வொரு முறையும் அவள் முகம் முன்னைவிடத் தெளிவாக இருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஸ்டாண்டு அசையாமல் இருக்கவேண்டும் என்பதற்காக அதற்குக் காலையிலேயே வெண்பொங்கலும் வடையும் நிறையக் கொடுத்திருந்தார்கள். வேதாம்பாள் குடையோடும் கண்ணாடியோடும் வந்து நாற்காலியில் அமர்ந்தார். பின்னால் கோதண்டபாணி புத்தம் புதிய பூட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“கண்ணாடி போட்டுக்கிட்டுத்தான் வந்திருக்காங்க” என்று நாடிமுத்து முணுமுணுத்தார். “ரூம் போச்சு.”

“விளையாடுங்கப்பா, பாப்போம்” என்றார் வேதாம்பாள்.

மூவரும் பள்ளத்தின் ஓரமாக வரிசையாக நின்றார்கள். திரையில் வேலி ஒன்று வந்தது. அவர்கள் குதிப்பதற்கு முன்பே, திரையில் இருந்த மூன்று உருவங்களும் ஒருசேர மேலே எழும்பி வேலியைத் தாண்டின.

மேலே, பொங்கலின் பலத்தில், சோமாஸ்கந்தன் ஆழ்ந்து உறங்கிக்கொண்டிருந்தார். அவர் மூச்சை இழுக்கும்போது கைகளும் கேமராவும் எழுந்தன, விடும்போது இறங்கின. கேமரா இறங்கும்போதெல்லாம் திரையில் உருவங்கள் எழும்பின. கீழே நின்றவர்களுக்கு இது தெரியாது.

“யாருய்யா குதிச்சது?” என்றார் கலியபெருமாள், தாழ்ந்த குரலில்.

“நான் இல்லை தலைவரே.”

“நானும் இல்லை. ஆனா குதிச்சிருக்கேன், பாருங்க.”

“நாம குதிக்காம அது எப்படிக் குதிக்கும்?”

அம்பலவாணன் ஆழமாக யோசித்தார். “நாம குதிச்சாச்சு தலைவரே. நமக்குத்தான் இன்னும் வந்து சேரலை.”

“அப்போ சட்டுன்னு குதிங்க! தலைவியம்மா முன்னாடி அதுங்க பாடுபடுது, நாம மரம் மாதிரி நிக்கிறோம்.”

குதித்தார்கள். உருவங்கள் எழும்பும்போதெல்லாம் இவர்களும் எழும்பினார்கள். ஆரம்பத்தில் அது நிதானமாக இருந்தது. பிறகு சோமாஸ்கந்தன் கனவில் எங்கேயோ மாடிப்படி ஏறத் தொடங்கினார் போலிருக்கிறது. மூச்சு வேகமாயிற்று, குறட்டையும் சேர்ந்தது. கீழே மூவரும் நாக்குத் தள்ளக் குதித்தார்கள். பரணின் தூசி மெல்ல எழுந்தது. அது சோமாஸ்கந்தனின் மூக்கை அடைந்தது.

தும்மல் பெரிய தும்மல். திரையில் மூன்று உருவங்களும் உச்சிக்குப் பாய்ந்து, இடப்பக்கம் சரிந்து, வலப்பக்கம் பறந்து, காணாமற்போயின. கடமை தவறாதவர்களான மூவரும் அவற்றைப் பின்பற்றினார்கள். அம்பலவாணன் சன்னலில் மோதினார். நாடிமுத்து மேசை விசிறியின்மேல் உட்கார்ந்தார். கலியபெருமாள் எழும்பி, இறங்கி, பள்ளத்துக்குள் முழங்கால்வரை நின்றார். திரையில் வாணவேடிக்கை வெடித்தது, அவர்கள் வென்றுவிட்டார்களாம்.

வேதாம்பாள் அண்ணாந்து பார்த்தார்.

“மேல இருக்கிறது யாரு?”

“ஸ்டாண்டும்மா” என்றார் கலியபெருமாள், பள்ளத்திலிருந்து.

“ஸ்டாண்டு மூக்கைத் துடைக்குது.”

“வீட்ல சும்மா கிடந்ததை வெச்சே செஞ்சதும்மா. செலவே கிடையாது.”

“ஏன்யா,” என்றார் வேதாம்பாள், ஒவ்வொரு சொல்லாக, “அந்தக் கேமராவை அப்படியே பரண்மேல வெச்சா ஆகாதா?”

மூவரும் பரணைப் பார்த்தார்கள், கேமராவைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

“வைக்கலாம்மா,” என்றார் கலியபெருமாள் கடைசியில். “ஆனா அங்க சோமாஸ்கந்தன் இருக்காரே.”

“அவரை இறக்கிட்டு வைங்க.”

“இறக்கி எங்கம்மா வைக்கிறது?”

“நல்லாக் கேட்டீங்கண்ணே!” என்று வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. செண்பகவல்லி தூக்குவாளியோடு உள்ளே ஓடிவந்தாள். “தலைவியக்கா, இந்த மூணு நாளாத்தான் என் வீட்டுக் கூடத்தை முழுசாப் பெருக்குறேன். அவன் படுத்திருந்த எடத்துல தரை சிவப்பு சிமெண்டுன்னே எனக்கு இப்பத்தான் தெரியும். இந்த ரூமால ஊருக்குப் பிரயோஜனம் இல்லைன்னு மட்டும் சொல்லிராதீங்க. அவனை இறக்கச் சொல்லாதீங்கக்கா!”

வேதாம்பாள் கண்ணாடியைக் கழற்றினார். அவருடைய வீட்டில், முன்கட்டு ஊஞ்சலில், அவர் கணவரின் தம்பி ஒருவர் நெடுங்காலமாக அடுத்து என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

“கண்ணாடியைக் கழட்டிட்டாங்க!” என்று நாடிமுத்து அம்பலவாணனின் காதில் கிசுகிசுத்தார். “இப்போ கண்ணாலதான் பாக்குறாங்க. ரூம் நமக்குத்தான்.”

“அந்தப் பரண்,” என்றார் வேதாம்பாள் மெதுவாக, “எத்தனை பேரைத் தாங்கும்?”

கோதண்டபாணி பதறினார். “அம்மா, என் தேங்காய்?”

“உங்க வீட்ல சும்மா கிடக்கிறவங்க யாரும் இல்லையா?”

கோதண்டபாணிக்கு வீட்டோடு மாப்பிள்ளை ஒருவர் இருந்தார். வியாபாரியின் கையிலிருந்த பூட்டு, தானாகவே சட்டைப்பைக்குள் இறங்கியது. “தேங்காய் கொல்லையில கிடந்தா என்னங்கம்மா, மழையா பெய்யுது?” என்றார்.

அவ்வாறு அறை மன்றத்துக்கே நிலைத்தது. கலியபெருமாளைத் தெருவில் போகிற பெண்கள்கூட ‘தலைவரே’ என்று அழைத்து, பரணில் இடம் காலியா என்று விசாரித்தார்கள். தலைவியின் கொழுந்தனார் ஏறினார். கோதண்டபாணியின் மாப்பிள்ளை ஏறினார். அடுத்த வாரம் இன்னொருவர் ஏறினார். எல்லோரும் நல்ல ஸ்டாண்டுகள். சாப்பாட்டு நேரம் தவிர அசைவதே இல்லை.

ஐந்தாவது ஸ்டாண்டு வந்தபோதுதான் சிக்கல். மேலே நெருக்கியடித்துப் படுத்தும் கொஞ்சம் இடம் போதவில்லை. ஏதாவது ஒன்றை இறக்கித்தான் ஆகவேண்டும். மன்றம் அவசரமாகக் கூடியது.

“எதை இறக்குறது?” என்றார் அம்பலவாணன். “எல்லாரும் யோசிச்சுக்கிட்டு இருக்காங்க.”

கலியபெருமாள் நாற்காலியில் ஏறி, பரணை ஓரத்திலிருந்து ஓரம்வரை பரிசீலித்தார். “ஒண்ணு மட்டும் யோசிக்கலை. சும்மாதான் கிடக்குது” என்றார்.

கேமராவை இறக்கித் தொலைக்காட்சியின்மேல் வைத்தார்கள். ஐந்தாமவர் வசதியாகப் படுத்தார்.

மூவரும் எதிரே நின்று தொலைக்காட்சியைப் போட்டார்கள். மூன்று மஞ்சள் பனியன்கள் தோன்றின. கழுத்துக்கு மேலே ஒன்றும் இல்லை.

நாடிமுத்துவின் முகம் வாடியது. “மறுபடியும் தலை போச்சே தலைவரே!”

கலியபெருமாள் திரையைப் பார்த்தார். பிறகு பரணைப் பார்த்தார். அதன் விளிம்பில் முகவாயை ஊன்றியபடி ஐந்து தலைகள் வரிசையாக இருந்தன. அவர் விரலை மடக்கி எண்ணினார். சந்தேகத்துக்கு இன்னொரு முறையும் எண்ணினார்.

“ஒண்ணும் போகலை. கீழ மூணு உடம்பு, மேல அஞ்சு தலை. ரெண்டு கூடவே இருக்கு.”

அம்பலவாணன் அதற்குள் ரியாஸ் பாயை அழைத்துவிட்டார்.

“பாய், எங்ககிட்ட ரெண்டு தலை மிச்சமா இருக்கு. அதிகம் உபயோகிச்சதே இல்லை, புதுசு மாதிரிதான் இருக்கு. நீங்க எடுத்துக்கறீங்களா?”